வேலை என்றால் வேலை மட்டும்தானா?

அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கும் நண்பர் ஒருவரின் கேள்வி இது. அவர் அலுவலகத்தில் கறுப்பின ஊழியர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. சம்பளம், பதவி உயர்வு பற்றிப் பேசும் அதே கூட்டத்தில் பிரசவகால உடல்நலம், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது, பக்கத்துப் பள்ளிக்குப் புத்தகம் வாங்கித் தருவது என்று எல்லாமே வந்துவிடுகிறதாம். "வேலையில் பாரபட்சம் கூடாது, அது புரிகிறது. இதில் குடும்பமும் ஊரும் எங்கிருந்து வந்தன? இதெல்லாம் உண்மையில் பயன் தருகிறதா, வெறும் அலங்காரமா?"

முதல் கேள்விக்கு என் பதில்: குடும்பமும் ஊரும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளவில்லை, அவைதான் முதலில் இருந்தன. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்குக் கௌரவமான வேலை கிடைத்த வரலாற்றைப் பார்த்தால், பெரும்பாலும் அதை வாங்கித் தந்தவர்கள் வீட்டுப் பெண்களும் தெருக்காரர்களும் கிறிஸ்தவத் திருச்சபைகளும்தான். பலனும் அங்கேயே திரும்பிப் போனது. இரண்டாவது கேள்விக்கு: கணிசமான பகுதி அலங்காரம்தான். ஆனால் எது அலங்காரம், எது இல்லை என்று பிரித்துப் பார்க்க முடியும்.

புல்மன் ரயில்பெட்டிகளிலிருந்து தொடங்குகிறேன். ஜார்ஜ் புல்மன் என்ற முதலாளி 1860-களில் படுக்கை வசதியுள்ள சொகுசுப் பெட்டிகளை ஓடவிட்டார். படுக்கை விரிக்க, மூட்டை தூக்க, பயணிகளின் ஷூவுக்குப் பாலிஷ் போட ஆள் வேண்டும். அடிமைமுறை அப்போதுதான் ஒழிந்திருந்தது. விடுதலையான கறுப்பின ஆண்களை அந்த வேலைக்கு வைத்தார். குறைந்த கூலிக்கு வருவார்கள், ஏவலுக்குப் பழகியவர்கள் என்பது அவர் போட்ட கணக்கு. பயணிகள் அத்தனை போர்ட்டர்களையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். அடிமையை எஜமானின் பெயரால் அழைத்த பழக்கத்தின் மிச்சம் அது. மாதம் 400 மணி நேரம் வரை உழைப்பு. டிப்ஸ் இல்லாமல் பிழைக்க முடியாது. பாலிஷ் டப்பாவைக்கூடச் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும்.

அப்படியிருந்தும் கறுப்பினக் குடியிருப்புகளில் அது மதிப்பான வேலை. மாதாமாதம் வருமானம், சீருடை, நாட்டைச் சுற்றிவரும் வாய்ப்பு. சிகாகோவில் அச்சான 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பினப் பத்திரிகையின் கட்டுகளைத் தெற்கு மாநிலங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இந்தப் போர்ட்டர்கள்தான். வடக்கே தொழிற்சாலைகளில் வேலை இருக்கிறது என்ற சேதி பருத்திக்காட்டுக் கிராமங்களுக்குள் போனதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

1925 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் போர்ட்டர்கள் சங்கம் தொடங்கினார்கள். தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப். அவர் போர்ட்டரே இல்லை. அதனால்தான் அவரைத் தலைவராக்கினார்கள், புல்மன் நிறுவனத்தால் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாதே! உறுப்பினர் யாரென்று தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும். ஆகவே சந்தா வசூலிப்பது, துண்டுத்தாள் கொடுப்பது, ரகசியக் கூட்டம் நடத்துவது போன்ற வேலைகளில் பெரும்பங்கை மனைவிமார்கள் எடுத்துக்கொண்டார்கள். வாஷிங்டனில் இருந்த ரோசினா டக்கர் இதில் பெயர்பெற்றவர். அவருடைய சங்க வேலைக்காகக் கணவரைப் பணிநீக்கம் செய்தபோது நேரே மேலாளரின் அறைக்குப் போனார். நான் என்ன செய்கிறேன் என்பதற்கும் என் கணவரின் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று சண்டை போட்டார். கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

சபைகள் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே கூட நின்றன என்று சொன்னால் அது பொய். புல்மன் நிறுவனம் கறுப்பினச் சபைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் பணம் தந்துகொண்டிருந்தது. தொடக்கத்தில் பல போதகர்கள் சங்கத்துக்கு எதிராகப் பேசினார்கள். மேலே சொன்ன அதே 'டிஃபெண்டர்' பத்திரிகையும் முதலில் எதிர்த்தது. இன்று ஒரு நிறுவனம் "கறுப்பினச் சமூக நலனுக்கு இவ்வளவு நன்கொடை" என்று அறிவிக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. நன்கொடை வாயை அடைக்கவும் பயன்படும்.

12 ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1937-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் கறுப்பினத் தொழிலாளர் சங்கத்தோடு போட்ட முதல் ஒப்பந்தம் அது. மாத வேலைநேரம் 400-லிருந்து 240 மணியாகக் குறைந்தது. சம்பளம் உயர்ந்ததும் முக்கியம்தான், ஆனால் எனக்கு இந்த 160 மணி நேரம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு மனிதன் வீட்டில் இருக்கும் நேரம் அது. பிள்ளையின் படிப்பைப் பார்க்க, சபைக்குப் போக, ஊர்ப் பிரச்சினையில் தலையிட நேரம் கிடைத்தது. அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் ஈ. டி. நிக்சன் என்று ஒரு புல்மன் போர்ட்டர் இருந்தார், உள்ளூர்ச் சங்கத் தலைவர். 1955 டிசம்பர் 1-ஆம் தேதி பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானபோது ஜாமீனுக்கு ஓடியவர் அவர்தான். அடுத்து நடந்த 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பை ஏற்பாடு செய்ததிலும் முன்னால் நின்றார். வெள்ளை முதலாளியால் மிரட்ட முடியாத, சங்கப் பாதுகாப்புள்ள ஒரு சம்பளம் ஊருக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ராண்டால்ஃப் அதோடு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கில் வாஷிங்டனுக்கு ஊர்வலம் வருவோம் என்று அவர் 1941-ல் எச்சரித்தபோது, ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்து அதிபர் ரூஸ்வெல்ட் ஆணை போட்டார். 1963 ஆகஸ்டில் நடந்த புகழ்பெற்ற பேரணியை முன்னின்று அழைத்தவரும் இவரே. மார்ட்டின் லூதர் கிங்கின் உரையால் நமக்குத் தெரிந்த அந்தப் பேரணியின் முழுப்பெயர் 'வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் பேரணி'. வேலைதான் முதலில்.

சரி, இது ஆண்களின் கதை. பெண்களில் பெரும்பாலானோர் வெள்ளையர் வீடுகளில் சமையலும் பிள்ளை வளர்ப்பும் செய்தார்கள். 1935-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் முதியோர் ஓய்வூதியம் வீட்டுவேலை செய்பவர்களுக்கும் பண்ணைக் கூலிகளுக்கும் இல்லை. 1938-ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் இந்த இரண்டு தரப்பும் வெளியே. சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் தெற்கில் அந்த இரண்டு வேலையையும் செய்தவர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். குறைந்தபட்சக் கூலி வீட்டுவேலைக்காரர்களுக்கு வர 1974 ஆனது. அடுத்தவர் பிள்ளையைப் பகலெல்லாம் வளர்த்துவிட்டு, தன் பிள்ளையைப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டு வளர்த்த தலைமுறைகள் அவை. கறுப்பினக் குடும்பங்களில் அத்தை, பெரியம்மா, ரத்த உறவே இல்லாத 'அத்தை' எல்லோரும் சேர்ந்து பிள்ளை வளர்ப்பதை வெளியார் ஏதோ கலாசாரப் பண்பு என்று மட்டும் பார்க்கிறார்கள். வேலைநேரம் அவர்களை அப்படி வாழவைத்தது என்பதும் உண்மை. அட்லாண்டாவில் வீட்டுவேலை செய்த டோரதி போல்டன் 1968-ல் தொடங்கிய சங்கத்தில் சேர இரண்டு நிபந்தனை: ஒரு டாலர் கட்டணம், வாக்காளர் பட்டியலில் பெயர். கூலி உயர்வும் ஓட்டும் அவருக்கு ஒரே விஷயமாக இருந்தன.

இப்போது பாரபட்சம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நிறத்தைச் சொல்லாமலே நிறத்தால் பிரிக்கும் வித்தை பழையது. 1914 முதல் மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் புகைப்படம் ஒட்ட வேண்டும் என்று விதி வந்தது, 1940-ல்தான் எடுத்தார்கள். தேர்வில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் படத்தைப் பார்த்துத் தள்ளிவிட அது வசதி. அப்படியும் தபால் துறை கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் முதுகெலும்பானதற்குக் காரணம், எழுத்துத் தேர்வும் பணிமூப்பும் முறையீட்டு வழியும் அங்கே இருந்தன. மேலதிகாரிக்கு யாரைப் பிடிக்கும் என்பது அங்கே குறைவாகச் செல்லுபடியானது.

இன்னொரு வழக்கு, வட கரோலினாவில் ட்யூக் பவர் நிறுவனத்தின் டான் ரிவர் மின்நிலையம். அங்கிருந்த 14 கறுப்பினத் தொழிலாளர்களுக்கும் கூலிப் பிரிவு மட்டும்தான். அந்தப் பிரிவின் அதிகபட்சச் சம்பளம் மற்றப் பிரிவுகளின் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் குறைவு. 1964-ன் சிவில் உரிமைச் சட்டத்தில் வேலைப் பாகுபாட்டைத் தடுக்கும் ஏழாம் பிரிவு 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் ஒரு விதி போட்டது: மற்றப் பிரிவுகளில் சேரப் பள்ளி இறுதிச் சான்றிதழோடு இரண்டு திறனறித் தேர்வுகளிலும் தேற வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி, கேட்க நியாயம்தான். ஆனால் 1960 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் பள்ளி முடித்த வெள்ளையின ஆண்கள் 34 சதவீதம், கறுப்பின ஆண்கள் 12 சதவீதம். தவிர, சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளையர்கள் அதே வேலையை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள். வில்லி கிரிக்ஸும் இன்னும் 12 பேரும் வழக்குப் போட்டார்கள். 1971-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: வேலைக்குத் தொடர்பில்லாத ஒரு தேர்வு ஓர் இனத்தை மொத்தமாக வெளியே நிறுத்தினால், நிறுவனத்தின் எண்ணம் என்னவாக இருந்தாலும் அது செல்லாது.

அப்புறம் பெயர். செந்தில் முல்லைநாதன் என்ற பொருளியலாளர், தமிழ்நாட்டில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர். மரியான் பெர்ட்ராண்டோடு சேர்ந்து அவர் செய்து 2004-ல் வெளியான ஆய்வை இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். சிகாகோ, பாஸ்டன் நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதியில் வித்தியாசம் இல்லை, பெயர் மட்டும் சிலவற்றில் எமிலி, கிரெக் என்றும் சிலவற்றில் லக்கீஷா, ஜமால் என்றும் இருக்கும். வெள்ளையர் என்று தோன்றும் பெயர்களுக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. எட்டு ஆண்டு அனுபவம் சேர்த்தால் என்ன கிடைக்குமோ அதை ஒரு பெயர் தந்துவிட்டது. டேவா பேஜர் மில்வாக்கியில் செய்த 2003 ஆய்வு இன்னும் கசப்பானது. சிறை சென்ற வெள்ளையின இளைஞருக்கு 17 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பின இளைஞருக்கு 14 சதவீதம்.

"அது 20 வருஷத்துக்கு முந்தைய கதை" என்பீர்கள். இதேபோலப் பெயரை மாற்றிச் செய்து 2022-ல் வெளிவந்த ஆய்வொன்றில் அமெரிக்காவின் 108 மிகப்பெரிய நிறுவனங்களுக்குச் சுமார் 83,000 விண்ணப்பங்கள் போயின. சராசரி இடைவெளி குறைந்திருக்கிறது, 2 சதவீதப் புள்ளி அளவு. ஆனால் சராசரியில் விஷயம் இல்லை. கறுப்பினப் பெயர்கள் இழந்த அழைப்புகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்கள் மட்டுமே. ஆள் சேர்ப்பு ஒரே மையத்திலிருந்து, ஒரே முறைப்படி நடக்கும் இடங்களில் பாரபட்சம் குறைவாக இருந்தது. கிளை மேலாளர் இஷ்டத்துக்கு விட்ட இடங்களில் அதிகம். தபால் துறையில் எழுத்துத் தேர்வு செய்ததும் இதைத்தான்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐ.டி. நிறுவனங்களில் ஒரு இடம் காலியானால் நம் ஆட்கள் முதலில் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, தெரிந்த பையன், நன்றாக வேலை செய்வான், அவ்வளவுதான். ஆனால் கறுப்பின இளைஞர் யாரும் அந்தக் குழுவில் இல்லை. பரிந்துரை வழியாக ஆள் எடுத்தே நிரம்பிய ஒரு டீமில், பாரபட்சம் காட்டிய ஒரு ஆளைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

உடல்நலம் எப்படி உள்ளே வருகிறது? கறுப்பினப் பெற்றோர் பிள்ளைகளிடம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு: இரண்டு மடங்கு உழைத்தால்தான் அவர்களுக்குக் கிடைப்பதில் பாதி கிடைக்கும். அந்த இரண்டு மடங்கு உழைப்பு உடம்பில் என்ன செய்கிறது என்று ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர் 1980-களிலேயே கேட்டார். வட கரோலினாவில் அவர் பார்த்தது, கையில் வசதியும் பின்பலமும் இல்லாமல் விடாப்பிடியாக முட்டிமோதிப் போராடுபவர்களுக்கு ரத்தக்கொதிப்பு அதிகம். ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992-ல் இதையே தாய்மார்களின் உடல்நலத்தோடு இணைத்தார். அவமதிப்பும் நெருக்கடியும் வருடக்கணக்கில் சேர்ந்து உடலை வயதுக்கு முன்பே தேய்த்துவிடுகின்றன என்றார்.

2023-ல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு வெள்ளையினத் தாய்மார் இறப்பு 14.5, கறுப்பினத் தாய்மார் இறப்பு 50.3. படிப்பும் பணமும் வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. கல்லூரி முடித்த கறுப்பினப் பெண்ணுக்கு இருக்கும் அபாயம், பள்ளிப்படிப்பையே முடிக்காத வெள்ளையினப் பெண்ணுக்கு இருப்பதைவிட அதிகம். இதில் மருத்துவமனையின் பங்கு பெரிது, எல்லாவற்றையும் அலுவலகத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் மகப்பேறு விடுப்பு அலுவலகத்தின் கையில்தான் இருக்கிறது. 1993-ன் குடும்ப விடுப்புச் சட்டம் தருவது சம்பளமில்லாத 12 வாரம், அதுவும் 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில், ஒரு வருடம் வேலை பார்த்திருந்தால். மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் இருக்க யாரால் முடியும்? சேமிப்பு இருப்பவரால்.

சேமிப்புக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளையினக் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேல், பாதி இதற்குக் கீழ்) 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பங்களுடையது 44,900 டாலர். உங்கள் பக்கத்து மேசைக்காரரும் நீங்களும் ஒரே சம்பளம் வாங்கலாம். ஆனால் அவர் குடும்பத்தில் முதல் நல்ல சம்பளம் அவருடையதாக இருந்தால், அம்மாவின் மருந்து, தம்பியின் வாடகை, அக்கா பையனின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான். ஒரு சம்பளத்தில் நாலு அடுப்பு எரியும். இதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வேலை போனால் நாலு அடுப்பும் அணையும் என்பதால் அவர் மேலாளரிடம் சண்டை போடவும் யோசிப்பார், குறையைச் சொல்லவும் யோசிப்பார். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "அவர் ஒதுங்கியே இருக்கிறார்" என்பார்கள்.

இனி உங்கள் அலுவலகக் குழு. இந்த வகைக் குழுக்களின் முன்னோடி ஜெராக்ஸ் நிறுவனம். அதன் தலைமையகம் இருந்த ராச்செஸ்டர் நகரில் 1964-ல் இனக் கலவரம் நடந்தது. அதன்பின் நிறுவனத் தலைவர் ஜோசப் வில்சன் கறுப்பினத்தவர்களைக் கணிசமாக வேலைக்கு எடுத்தார். எடுத்தால் போதுமா? 1970 வாக்கில் கறுப்பின விற்பனையாளர்கள் தங்களுக்குள் கூடிப் பேசியபோது, நல்ல வியாபாரம் நடக்கும் பகுதிகள் தங்களுக்கு ஒதுக்கப்படுவதில்லை என்பது வெளிச்சமானது. தனித்தனியாக இருந்தவரை ஒவ்வொருவரும் தன் திறமைக் குறைவு என்று நினைத்திருக்கலாம். சேர்ந்து கணக்குப் போட்டபிறகு அப்படி நினைக்க முடியவில்லை. பகுதி ஒதுக்கீட்டை எதிர்த்துப் போராடினார்கள், அடுத்து வந்தவர்களுக்குத் தாங்களே பயிற்சி கொடுத்தார்கள். நியூயார்க்கின் அரசுக் குடியிருப்பில் தாயால் தனியாக வளர்க்கப்பட்ட அர்சுலா பர்ன்ஸ் 1980-ல் பயிற்சி ஊழியராக அங்கே சேர்ந்து 2009-ல் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஆனார். நாட்டின் 500 பெரிய நிறுவனங்களில் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினப் பெண். அந்தக் குழுக்கள் கேட்டது வியாபாரப் பகுதி. கூட்டத்துக்குப் பீட்சா கேட்கவில்லை.

எது வேலை செய்கிறது என்பதற்கு நான் நம்பும் ஆய்வு அலெக்சாண்ட்ரா கலேவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி மூவரும் 2006-ல் வெளியிட்டது. 708 பணியிடங்களின் 30 ஆண்டுத் தரவு. மனப்பான்மையை மாற்றும் பயிற்சி வகுப்புகளால் மேலாளர் பதவிகளில் கறுப்பினத்தவர் எண்ணிக்கை அநேகமாக உயரவே இல்லை. வழிகாட்டி ஒருவரை ஒதுக்கியதால் ஓரளவு பயன். இதற்கு இன்னார் பொறுப்பு, வருடம் முடிந்தால் எண்ணிக்கையைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்த இடங்களில்தான் நல்ல மாற்றம். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. இரண்டு மணி நேர வீடியோவைப் பார்த்து யாராவது மனம் மாறியிருக்கிறார்களா?

இது நம் ஊர் இடஒதுக்கீடு மாதிரியா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. தனியார் நிறுவனம் இனத்தின் பெயரில் இவ்வளவு இடம் என்று ஒதுக்கினால் ஏழாம் பிரிவு அதையே பாகுபாடாகப் பார்க்கும். அரசு ஒப்பந்ததாரர்கள் பாகுபாடு நடக்கிறதா என்று தங்களையே கணக்குப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்ற 1965-ன் அதிபர் ஜான்சன் ஆணைதான் அங்கே இருந்ததில் வலுவானது. அதையும் 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ரத்து செய்துவிட்டார். அதைத் தொடர்ந்து பல நிறுவனங்கள் பாரபட்சத்தைக் கவனிக்கும் தங்கள் துறைகளைச் சத்தமில்லாமல் மூடவோ பெயர் மாற்றவோ செய்தன. ஆனால் 1964 சட்டம் அப்படியே இருக்கிறது. பாரபட்சம் அன்றும் சட்டவிரோதம், இன்றும் சட்டவிரோதம்.

டீம் லீடாக உங்களால் ஆகக்கூடியது சில உண்டு, அவற்றில் எதற்கும் தனித் துறை தேவையில்லை. காலியிடத்தை வாட்ஸ்அப்புக்கு முன்னால் எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடுங்கள். நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, உடனே மார்க் போட்டுவிடுங்கள். நல்ல புராஜெக்ட் கடந்த வருடம் யார் யாருக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், ஜெராக்ஸ் விற்பனையாளர்கள் பார்த்தது மாதிரி. மாலை ஆறு மணிக் கூட்டங்களை நிறுத்துங்கள், அது எல்லா அம்மா அப்பாவுக்கும் உதவும். யார் தலைமுடியைப் பற்றியும் எதுவும் சொல்லாதீர்கள். திரிதிரியான சடைமுடியை (dreadlocks) வெட்ட மறுத்ததற்காக அலபாமாவில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றதை 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமே சரி என்றது. அதைத் தடுக்கும் சட்டத்தை 2019-ல் கலிபோர்னியா தொடங்கி இன்றுவரை பல மாநிலங்கள் கொண்டுவந்திருக்கின்றன, எல்லா மாநிலமும் இல்லை.

குழுவின் கூட்டத்துக்கு நீங்கள் போகலாமா என்று கேள்வியின் கடைசியில் ஒரு வரி இருந்தது. தாராளமாகப் போகலாம், ஓர் இனத்தாருக்கு மட்டும் என்று குழுவை மூடிவைப்பதே சட்டச் சிக்கல். முதல் சில கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். பள்ளிக்குப் புத்தகம் வாங்கப் பணம் பிரித்தால் கொடுங்கள். பதவி உயர்வுப் பேச்சு வரும்போது, உங்கள் டீமில் யாருக்கு எவ்வளவு மதிப்பீடு போட்டீர்கள் என்று யாராவது கேட்டால், சொல்லக்கூடிய பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.